அப்பாவின் லான்சருக்குக் கண் வைத்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கார் கறுப்பு இல்லை. அப்பாவுடைய 1983 மிட்சுபிஷி லான்சர், இங்கே எல்லாரும் பொக்ஸ் லான்சர் என்பார்களே அந்தச் சதுரப் பெட்டி, நிறம் ஆறிப்போன பால்தேநீர். ‘நைட் ரைடர்’ என்ற பழைய அமெரிக்க டிவி தொடரில் வரும் கறுப்புக் காரின் மூக்கில் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருக்கும் சிவப்பு வெளிச்சத்தை அதன் கிரில்லுக்குப் பின்னால் பொருத்தியிருக்கிறேன். ஒரு சனி ஞாயிறில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஐந்து கிழமை இழுத்தது. சர்க்கிட் படம் தேடினால் ஆயிரம் கிடைக்கும், அதனால் எங்கெங்கே பிழைத்தது என்பதைத்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

ஏன் இந்தக் கார் என்று கேட்பவர்களுக்கு. ஆசைப்படுவதற்கு வேறு எத்தனையோ இருந்தன. 1966 பேட்மேன் தொடரின் கார், லிங்கன் ஃபியூச்சுரா என்ற 1955ஆம் ஆண்டுக் காட்சிக் காரிலிருந்து ஜோர்ஜ் பாரிஸ் பட்டறையில் பிறந்தது. அதைச் செய்யத் தகரமும் ஆள்பலமும் தலைமுறைச் சொத்தும் வேண்டும். ‘பேக் டு த ஃபியூச்சர்’ டிலோரியனுக்குத் துருப்பிடிக்காத எஃகு உடம்பு. வெள்ளவத்தைக் கடற்காற்றில் நிற்கும் எங்கள் காருக்கு அந்த உடம்பு மட்டும் வாய்த்திருந்தால் நான் வேறு எதுவும் கேட்டிருக்க மாட்டேன். மிஸ்டர் பீனின் மினிதான் ஆகச் சுகம், பச்சை உடம்பு, கறுப்பு பொனட், கதவில் ஒரு ஆமைப்பூட்டு, வேலை முடிந்தது. ஆனால் அதற்கு முதலில் ஒரு மினி வேண்டும், கொழும்பில் மினி வைத்திருப்பவர்கள் அதில் தூசி தட்டவே அடுத்தவனை விடமாட்டார்கள். இருட்டில் காரே தெரியாமல் ஒரேயொரு விளக்கை வைத்து இன்ன கார் என்று சொல்லிவிடலாம் என்றால் அது நைட் ரைடரின் ‘கிட்’ ஒன்றுதான். அதாவது மிச்சக் கார் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்பது என் வாதம். வீட்டில் யாரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை.

தெரியாதவர்களுக்காக: நைட் ரைடர் தொடர் 1982 செப்டெம்பரில் அமெரிக்காவில் தொடங்கி 1986 வரை நான்கு பருவங்கள் ஓடியது. கார் 1982 பொண்டியாக் ஃபயர்பேர்ட் டிரான்ஸ் ஆம். ‘நைட் இண்டஸ்ட்ரீஸ் டூ தௌசண்ட்’ என்பதன் முதலெழுத்துகள்தான் கிட். கார் பேசும், கோபிக்கும், கிண்டல் பண்ணும். அந்தக் குரல் வில்லியம் டேனியல்ஸ் என்ற நடிகருடையது. ஆளில்லாமல் ஓடும் காட்சிகளில் உண்மையில் ஒரு சண்டைக்காட்சிச் சாரதி இருக்கைக்குள்ளேயே மறைந்திருந்து ஓட்டுவார், அதாவது இருக்கையின் தோலைப் போர்த்துக்கொண்டு. தொடரை உருவாக்கிய கிளென் ஏ. லார்சன் அதற்கு முன் 1978இல் செய்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’விலும் இயந்திரப் படைவீரர்களின் முகத்தில் இதே மாதிரி ஒரு சிவப்புக் கண் இங்குமங்கும் ஓடும். அதனால்தான் இந்த விளக்குக்கு எலெக்ட்ரோனிக்ஸ் பைத்தியங்களிடையே லார்சன் ஸ்கேனர் என்றே பெயர்.

நான் இதைப் பார்த்தது கறுப்பு வெள்ளை டிவியில். பக்கத்து வீட்டில் கலர் வந்து, நான் அங்கே போய் உட்காரத் தொடங்கும்வரை அந்த விளக்கு சிவப்பு என்பதே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைப் பொட்டு ஓடுகிறது, அதற்குப் பின்னால் ஒரு வால் இழுபடுகிறது, அவ்வளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் கிழமை நான் செய்த முட்டாள்தனம் முழுக்க இதை மறந்ததால் வந்தது.

அப்பாவின் நிபந்தனைகள் மூன்று. காரில் புதிதாக ஒரு ஓட்டை துளைக்கக் கூடாது. நிறம் மாற்றக் கூடாது, காரின் பதிவுப் புத்தகத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அது அப்படியே இருக்க வேண்டும். வீதியில் ஓடும்போது அந்தச் சனியன் எரியவே கூடாது. மூன்றாவது நியாயம்தான், முன்பக்கம் சிவப்பு வெளிச்சம் ஓட்டிக்கொண்டு காலி வீதியில் போனால் பம்பலப்பிட்டி தாண்டுவதற்கு முன்பே மறித்துவிடுவார்கள், மறிக்கவும் வேண்டும். முதலாவதைப் பற்றி நான் வாதாடவில்லை. இதற்கு முந்திய கார் 83 ஜூலைக் கலவரத்தில் போனது. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை, ஆனால் இந்தக் காரில் ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் கிழமை, பள்ளிக்கூடக் காலத்து ஞாபகத்தில் 555, 4017 என்ற இரண்டு ஐசி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சனிக்கிழமை காலை நின்றால் இதற்கு வேண்டிய எல்லாம் ஒரு சொப்பிங் பேக்குக்குள் வந்துவிடும். 555 துடிப்புக் கொடுக்கும், 4017 ஒவ்வொரு துடிப்புக்கும் தன் பத்து வெளியீடுகளில் அடுத்ததை எரிய வைக்கும். போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் ஆறு எல்இடிதான் கிடைக்கும். முதல் ஆறு வெளியீடு போகிற வழிக்கு, மிச்ச நான்கும் திரும்பி வருகிற வழிக்கு, இரண்டும் சேரும் இடத்தில் டயோட். ஒரு பின்னேரத்தில் பலகையில் ஓடத் தொடங்கிவிட்டது. சின்னவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, “சூப்பர் அப்பா, பஸ்ஸில கிடக்கிற சாமிப்படத்துக்குப் போடுற லைட் மாதிரி கிடக்கு” என்றான்.

அவன் சொன்னது சரி. பொட்டு ஓடியது, ஆனால் ஓடவில்லை. ஒன்று அணைந்து அடுத்தது எரிந்தது. வேகத்தைக் கூட்டினால் மின்னுகிறது, குறைத்தால் நொண்டுகிறது. எல்இடியை நல்லதாக மாற்றினேன், மேலே சிவப்புப் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு) வைத்தேன், சிவப்பு போதவில்லையோ என்று இன்னும் கடும் சிவப்பாக ஒன்று தேடி ஒரு நாள் முழுக்க மினக்கெட்டேன். சிவப்பில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

விடை வந்தது கொட்டாஞ்சேனையிலிருந்து. கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் லைட் கட்டும் ஒரு அண்ணை, வெசாக் காலத்தில் தோரணம் என்று கட்டும் பெரிய விளக்குப் பந்தல்களுக்கும் போவார், அவரிடம் வேறு சோலியாகப் போனபோது போனில் இருந்த வீடியோவைக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார். “தம்பி, பழைய பல்பு அணையிறதில்ல, ஆறுது. நீங்க போட்டிருக்கிறது அணையுது” என்றார். பிறகு பழைய தோரணங்களைப் பற்றிச் சொன்னார். பின்னால் ஒரு உருளை மோட்டரில் சுற்றும், அதில் செப்புத் தகடு வெட்டி ஒட்டியிருக்கும், உரசிக்கொண்டு நிற்கும் தொடுமுனைகளில் எது எப்போது தகட்டில் படுகிறதோ அந்த வரிசைப் பல்புகள் எரியும். தகட்டை வெட்டுகிறவன்தான் கலைஞன். ஆனால் வட்டம் சுற்றுகிற மாதிரி, தண்ணி விழுகிற மாதிரித் தெரிவதற்கு அவன் மட்டும் காரணமில்லை, பல்பின் சோம்பேறித்தனமும் காரணம் என்றார். எல்இடி வந்த பிறகு கரண்ட் பில் இறங்கிவிட்டதாம், தண்ணி விழுவதுதான் நின்றுவிட்டதாம்.

நான் பஸ்ஸில் திரும்பும் வழி முழுக்க இதே யோசனை. அந்தக் காலத்துக் கார், அந்தக் காலத்து விளக்கு, உள்ளே இழைப் பல்பு. மின்சாரம் நின்ற பிறகும் டங்ஸ்டன் இழை கொஞ்ச நேரம் சூடாகவே இருக்கும், வெள்ளையிலிருந்து செம்மஞ்சளுக்கும் அங்கிருந்து சிவப்புக்கும் இறங்கித்தான் இருளும். அதற்கு மேலே சிவப்புக் கண்ணாடி வைத்தால் கடைசியாக மிஞ்சும் அந்தச் சிவப்பு மட்டும் வெளியே வரும், ஆகவே வால் இன்னும் நீளமாகத் தெரியும். கறுப்பு வெள்ளை டிவியில் நான் பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஆறலைத்தான்.

இரண்டாம் கிழமை, பல்பு. வாகனங்களில் பார்க் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட் 5 வோட் சின்னப் பல்பு, கால் இல்லாமல் கண்ணாடி அடியோடு சொருகுவோமே, அதில் எட்டு. ஒன்றொன்றாக எரிய வைக்க ஒரு ஆர்டுயினோ நானோ, நிரல் எழுதி ஓட்டும் சின்னப் பலகை. நானோவால் பல்பை நேராக எரிக்க முடியாது, நடுவில் ஒரு டிரைவர் வேண்டும். யூஎல்என்2803 என்று ஒரு ஐசி, எட்டு வழி, வழிக்கு 500 மில்லி அம்பியர் தாங்கும். பல்பு 5 வோட், 12ஆல் பிரித்தால் 420 மில்லி அம்பியர். கணக்கு அழகாகப் பொருந்துகிறது, எட்டுக்கு எட்டு, ஒரே ஐசி. மேசையில் வைத்து ஒரு மணி நேரம் ஓடியிருக்கும், வால் இழுபட்டதைப் பார்த்து நான் உண்மையிலேயே நாற்காலியை விட்டு எழும்பிவிட்டேன். பிறகு மூன்றாவது பல்பு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆறாவது. ஐசியில் விரல் வைத்தேன், எடுத்த வேகத்தில் வாயில் வைத்தேன்.

பிழை என்னுடையது, பாடசாலைப் பிழை. மல்ட்டி மீட்டரைப் பல்பின் இரண்டு முனையில் வைத்தேன், ஆறியிருக்கும்போது 2.6 ஓம். எரியும்போது அதே பல்பு ஏறக்குறைய 29 ஓம். ஆகவே ஒவ்வொரு முறையும் குளிர்ந்த இழைக்கு முதல் தட்டில் 12ஐ 2.6ஆல் பிரித்த அளவு, நாலரை அம்பியருக்கும் மேல், போகப் பார்க்கும். 500 மில்லி அம்பியர் ஐசிக்கு அது ஒவ்வொரு செக்கனும் கன்னத்தில் அறை. கடையில் விற்றவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நான் கேட்டதைத்தான் தந்தார். வழிக்கு 5 அம்பியர் தாங்கும் டிப்122 டிரான்சிஸ்டர் எட்டு வாங்கி வந்து மாற்றினேன், பிறகு ஒன்றும் சாகவில்லை.

இப்படியே காரில் போட்டிருக்கலாம். பல நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு பல்பை மட்டும் தொடர்ந்து எரிய விட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது, அக்கா, கனடாவிலிருந்து. கதைத்துவிட்டு வந்து பார்த்தால் பெர்ஸ்பெக்ஸில் அந்தப் பல்புக்கு நேரே ஒரு குழி, கரண்டியால் அமுக்கினது மாதிரி வடிவாக. பெட்டி காரில் இருந்து, உள்ளே ஏதாவது சிக்கி ஒரு பல்பு எரிந்தபடி நின்றிருந்தால்? நாற்பது வருட வயரிங், அப்பாவின் கார். வேண்டாம் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். எல்இடிக்குத் திரும்புவோம், ஆனால் அதற்கு ஆறப் பழக்குவோம்.

இங்கேதான் இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி. பல்புப் பெட்டியைக் கழற்றாமல் இருட்டறையில் வைத்து, போனில் ஸ்லோ மோஷன், செக்கனுக்கு 240 படம், ஒரே பல்பை ஒரு தரம் எரித்து அணைத்து எடுத்தேன். ஒரு படம் நாலு மில்லி செக்கனுக்குச் சற்றுக் கூட. கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு படம் படமாக நகர்த்தி எண்ணினேன். அணைத்த பிறகு பெர்ஸ்பெக்ஸுக்கு வெளியே வெளிச்சம் முழுக்க இல்லாமல் போக 60 படம், கால் செக்கன். அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது மற்றப் பக்கம்: எரியும்போதும் அது உடனே எரியவில்லை, முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 24 படம், அதாவது பத்தில் ஒரு செக்கன் எடுத்தது. இணையத்தில் கிடைத்த நிரல்கள் எல்லாம் வாலை மட்டும் மங்க வைக்கின்றன, தலை பளிச்சென்று தோன்றுகிறது. அந்தத் தலைதான் காட்டிக்கொடுக்கிறது. ஒரு பல்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே அதற்கு முந்தியது இறங்கிக்கொண்டிருக்கும், இரண்டும் பாதி பாதியாகக் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில்தான் கண்ணுக்கு ‘ஓடுகிறது’ என்று படுகிறது.

(இதே சோம்பல் பிரேக் லைட்டில் இருந்தால் ஆபத்து. இழைப் பல்பைவிட எல்இடி பிரேக் லைட் சுமார் ஐந்தில் ஒரு செக்கன் முந்தி எரியும். 100 கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் வருகிறவனுக்கு அது ஐந்தரை மீற்றர். ஆகவே பின்னால் எல்இடி நல்லது, முன்னால் பொய்க்கு மட்டும் பல்பு மாதிரி நடிக்கட்டும்.)

மூன்றாம் கிழமை. டபிள்யூஎஸ்2812 பட்டி, ஒவ்வொரு எல்இடியையும் நிரலால் தனித்தனியாக ஆட்டலாம், மீற்றருக்கு 60 எல்இடி உள்ளது. கிரில்லுக்குப் பின்னால் கிடைத்த இடத்துக்கு 32 எல்இடி, 53 சென்ரிமீற்றர், சரியாக எட்டு அறை, அறைக்கு நாலு. சிவப்பு மட்டும் எரிந்தால் ஒன்றுக்கு 20 மில்லி அம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் 32உம் ஒன்றாக எரிந்தால் 0.64 அம்பியர்தான், பல்புகளோடு ஒப்பிட்டால் கொசுக்கடி. பட்டிக்கு 5 வோல்ட் வேண்டும், காரில் என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வரை வரும், நடுவில் ஒரு எல்எம்2596 குறைப்பான் பலகை. பட்டியின் வாயில் 1000 மைக்ரோ ஃபரட் கண்டென்சர், தரவு வயரில் 470 ஓம் ரெசிஸ்டர்; இரண்டையும் விட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க எனக்கு ஆசையில்லை.

நிரல் சின்னதுதான், சொல்லால் சொல்கிறேன். 20 மில்லி செக்கனுக்கு ஒரு தரம் எட்டு அறையையும் சுற்றி வரும். முறை எந்த அறையுடையதோ அது, தான் போக வேண்டிய உயரத்துக்கு மிச்சமிருக்கும் தூரத்தில் 30 சதவீதம் ஏறும். மற்ற எல்லா அறையும் இருப்பதை 0.85ஆல் பெருக்கிக்கொள்ளும். ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் போக 0.7 செக்கன். கணக்குப் பார்த்தால் ஒரு அறைக்கு நாலு சுற்றுதான் முறை வரும், அதற்குள் அது முழு வெளிச்சத்தில் முக்கால்வாசிதான் எட்டும், எட்டுவதற்கு முன் முறை போய்விடும். அப்படியே விடுங்கள், பல்பும் அப்படித்தான். ஒரேயொரு தொல்லை அடியில்: 256 படிகளில் கடைசிப் படிகள் மூன்று, இரண்டு, ஒன்று என்று இருட்டில் தனித்தனியாகத் தெரிந்து துடித்தன. நாலுக்குக் கீழே போனால் பூச்சியம் என்று ஒரு வரி சேர்த்தேன், அடங்கிவிட்டது. 0.85 என்ற எண்ணுக்கு வர மூன்று இரவு போனது. பல்புப் பெட்டியை மேலேயும் எல்இடிப் பெட்டியைக் கீழேயும் வைத்து இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டு, எது எது என்று சின்னவனைக் கேட்டேன். மூன்றாம் இரவு மாறிச் சொன்னான். அதோடு நிறுத்தினேன்.

பெட்டி, வீட்டு வயரிங்குக்குப் போடும் வெள்ளைப் பிவிசி கேசிங், உள்ளே மட் கறுப்பு ஸ்பிரே. அறை பிரிக்க முதலில் கார்ட்போர்ட் போட்டேன், கடற்காற்றில் இரண்டே நாளில் அப்பளமாக நெளிந்தது, பிறகு கேசிங்கின் மூடியையே துண்டு துண்டாக வெட்டி நிறுத்தினேன். முன்னால் 3 மில்லிமீற்றர் சிவப்புப் பெர்ஸ்பெக்ஸ், பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு. அதன் உள்பக்கத்தை 400ஆம் நம்பர் மண்கடதாசியால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் எல்இடிப் பொட்டுகள் கலந்து ஒரே வெளிச்சமாகும். தேய்க்காமல் விட்டால் நாலு பொட்டும் நாலு பொட்டாகவே தெரியும், பாவமாக இருக்கும்.

கிரில்லைக் கழற்றுவதுதான் பயம். நாற்பது வருடப் பிளாஸ்டிக் கிளிப், நான் தொட முதலே இரண்டு உடைந்துவிட்டன என்று அப்பாவிடம் சொன்னேன், தொட்ட பிறகுதான் உடைந்தன. பஞ்சிகாவத்தையில் அரை நாள். மூன்று கடையில் “அந்த மொடலுக்கு இப்ப சாமான் இல்ல” என்றார்கள், நாலாவது கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பழைய பிஸ்கட் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். நூறு விதக் கிளிப். அதற்குள் நாங்கள் இருவரும் தலையை விட்டுத் தேடி, வேறு ஏதோ காருடையது, ஆனால் அச்சாகப் பொருந்தும் நாலு எடுத்தோம். காசு வாங்க மறுத்துவிட்டார். பெட்டியைத் தாங்க எல் வடிவ அலுமினியத் துண்டு இரண்டு; ஒன்று ஹோர்ன் பிடித்திருக்கும் அதே போல்ட்டில், மற்றது பொனட் பூட்டுக்கான தாங்கியின் போல்ட்டில். புதிய ஓட்டை ஒன்றும் இல்லை. அப்பா டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

காரில் போட்டதும் பச்சை மின்னியது. மேசையில் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது, காரில் சிவப்பு ஓடும் நடுவில் திடீர் திடீரென்று பச்சைப் பொட்டு. நானோவை டேஷ்போர்டுக்குக் கீழே வைத்து இரண்டரை மீற்றர் வயரில் தரவை முன்னுக்கு அனுப்பியிருந்தேன், அது முதல் பிழை. பட்டியின் எர்த்தை முன்பக்கம் ஒரு போல்ட்டில் கொடுத்திருந்தேன், அது இரண்டாவது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் கீழே கறி மசாலாத்தூள் மாதிரித் துரு. கடலுக்கு முன்னூறு மீற்றரில் நிற்கும் காரில் போல்ட் இறுகி இருக்கிறது என்பதற்காக எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தேய்த்து, லக் போட்டு, கிரீஸ் பூசி இறுக்கினேன். நானோவைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மூடிய டப்பாவுக்குள் வைத்து, தரவு வயர் ஒரு சாண்தான் இருக்கும்படி செய்தேன். பச்சை போய்விட்டது. ஹோர்ன் சத்தமும் கூடிவிட்டது, பாவம் அதற்கும் அதே எர்த் போல.

கடைசியாக அப்பாவின் மூன்றாவது நிபந்தனை, ஓடும்போது எரியக்கூடாது. சுவிட்ச் வைத்தால் யாராவது மறந்துவிடுவார்கள், யாராவது என்றால் நான். ஆகவே ஹேண்ட் பிரேக்கை நம்பினேன். ஹேண்ட் பிரேக் இழுத்தால் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு லைட் எரியுமே, அந்தச் சுவிட்ச் செய்வது ஒரு வயரை எர்த் பண்ணுவது மட்டும்தான். அதே வயரில் ஒரு ரிலேயின் சுருளையும் சேர்த்துவிட்டால் ஹேண்ட் பிரேக் மேலே இருந்தால் மட்டும் ஸ்கேனருக்குக் கரண்ட் போகும். சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோட், மெயின் வயரில் 2 அம்பியர் ஃபியூஸ். செய்தேன், வேலை செய்தது. ஆனால் அடுத்த நாள், சாவி பாட்டுக் கேட்கும் நிலையில் மட்டும் இருக்கும்போது, ஹேண்ட் பிரேக் கீழே, அந்த டேஷ்போர்டு லைட் மினுக்கட்டாம்பூச்சி மாதிரி மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிறு போனது. ரிலேச் சுருளுக்கு நான் கரண்ட் எடுத்தது ரேடியோவின் ஃபியூஸிலிருந்து, எச்சரிக்கை லைட்டுக்கு வருவது இக்னிஷன் ஃபியூஸிலிருந்து. சாவி பாதியில் இருந்தால் ஒரு பக்கம் உயிர், மற்றப் பக்கம் உயிரில்லை. சுருள் வழியாக வந்த கரண்ட், எர்த் கிடைக்காததால், லைட்டுக்குள் தலைகீழாகப் புகுந்து இக்னிஷன் வயரிங் பக்கம் கசிந்திருக்கிறது. ரிலேக்கும் கரண்டை அதே இக்னிஷன் ஃபியூஸிலிருந்து எடுத்தேன், அவ்வளவுதான் வைத்தியம். காரில் இரண்டு சாமான் ஒரே எர்த் வயரைப் பகிர்ந்தால் மேலேயும் ஒரே ஃபியூஸைப் பகிரட்டும். இதை யாராவது எனக்கு முதலே சொல்லியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி சூடாகச் சாப்பிட்டிருப்பேன்.

மழைக்குச் சிலிக்கன் பூசி எல்லாப் பக்கமும் அடைத்தேன், முதல் மழையிலேயே உள்ளே வேர்த்தது. முழுக்க அடைக்க முடியாது என்றால் வடிய விட வேண்டும். பெட்டியின் அடியில் இரண்டு பக்கமும் 3 மில்லிமீற்றர் ஓட்டை போட்ட பிறகு வேர்வை நிற்கவில்லை, தேங்குவது நின்றது. (பெட்டியில்தான் ஓட்டை, காரில் இல்லை. அப்பா இதை வாசிப்பார்.)

கூட்டாளி ஒருவன், சிவப்பு என்றால்தானே பிரச்சினை, மஞ்சளாக்கி விடு மச்சான், எப்போதும் போட்டுக்கொண்டு ஓடலாம் என்றான். நிரலில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், மாற்றியும் பார்த்தேன். உடனே திருப்பி வைத்தேன். மஞ்சள் ஸ்கேனர் கிட்டுடையது இல்லை. கிட்டுக்கு முன் செய்யப்பட்டுக் கெட்டுப்போன எதிரிக் கார், அதன் பெயரே ‘கார்’ (KARR), 1984இல் இரண்டாம் தரம் வந்தபோது அதற்குத்தான் மஞ்சள். நாற்பது வருடம் காத்திருந்து வில்லன் காரைச் செய்வதற்கு நான் ஆளில்லை. தவிர, மஞ்சளோ சிவப்போ, ஓடும் காரின் முன்னால் அசைகிற வெளிச்சம் தேவையில்லாத வேலை.

செலவை எழுதச் சொல்லி மனைவி கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை. செத்த ஐசி, குழி விழுந்த பெர்ஸ்பெக்ஸ், இப்போது அலுமாரிக்கு மேல் இருக்கும் பல்புப் பெட்டி எல்லாம் விட்டுவிட்டுப் பார்த்தால் ஒரு தியேட்டருக்கு நாலு பேர் போய்வந்த காசுதான்.

போன வெள்ளிக்கிழமை இரவு ஒழுங்கைக்குள் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சாவியைத் திருப்பினேன். ஓடியது. கடைசி ரயிலோ என்னவோ கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது, கிரில்லின் கம்பிகளுக்குப் பின்னால் அந்தச் சிவப்பு இங்கும் அங்கும் ஆறி ஆறி ஓடியது. அப்பா சாரத்தோடு வெளியே வந்து கேட்டில் சாய்ந்துகொண்டு பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மேல்மாடி வீட்டுப் பையன், பத்து வயதிருக்கும், சைக்கிளை நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்தான். நைட் ரைடரைப் பற்றி இவனுக்கு எங்கிருந்து தொடங்கலாம் என்று நான் யோசிக்கும்போதே அவன் அப்பாவிடம் கேட்டுவிட்டான்.

“தாத்தா, உங்கட கார் சார்ஜ் ஏறுதா?”

“ஓம் தம்பி, விடியத்தான் நிறையும்” என்றார் அப்பா.